படகில் இருந்த தாள்: பினாங்கு நீரிணையில் ஒரு நெடுநீச்சல் (நிகழ்வு ஆய்வு)

காலை மணி 10.12. துணைப்படகின் இடப்பக்கம், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், தம்பி தண்ணீரில் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தார். ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். "எழுபது, அறுபத்துமூன்று, ஐம்பத்தாறு" என்று சொல்லி நிறுத்தினார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் எதையோ தேடின. பிறகு, "ஐம்பத்துநான்கு" என்றார். படகில் என் எதிரே உட்கார்ந்திருந்த மிஸ்ஸி, எங்கள் தாதி, எதுவும் பேசாமல் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

இந்த ஆய்வு அந்த நிமிடத்தைப் பற்றியது. அதற்கு முன் நடந்தவற்றையும் பின் நடந்தவற்றையும் சொல்லப்போகிறேன். ஆனால் அறநிதிக்காகக் கடலில் தனியே நீந்த நினைக்கும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது: நீந்துபவரை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்?

நீந்தியவருக்கு வயது 41. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை, சுழற்சி ஷிப்ட். சிறுவயதில் என்னிடம் நீச்சல் கற்றவர். அதனால் இன்றும் அவருக்கு நான் "சார்", எனக்கு அவர் "தம்பி". தைப்பூசம் முடிந்த இரண்டாம் ஞாயிறு, தேய்பிறை தசமியன்று, பத்து மாவுங் என்ற ஊரின் கரையிலிருந்து பினாங்கு முதல் பாலத்துக்கு அருகே வரை சென்று அதே வழியில் திரும்பினார். ஜிபிஎஸ் பதிவின்படி 16.9 கிலோமீட்டர். நேரம் 6 மணி 8 நிமிடம். நான் படகில் பதிவாளராக இருந்தேன். நேரம், கைவீச்சு எண்ணிக்கை, குடித்த அளவு, நீரின் வெப்பம் எல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் பென்சிலால் எழுதப்பட்டவை. பேனா மை கடல்நீரில் கரைந்துவிடும்.

நிதி, பட்டர்வொர்த் பக்கம் நன்கொடையில் இயங்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு. தம்பியின் அக்கா அங்கே சிகிச்சை பெறுகிறார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் நீர் தங்கிவிடும் என்பதால், நாளொன்றுக்குச் சிறுநீராகப் பிரியும் அளவோடு அரை லிட்டர் சேர்த்து, அவ்வளவுதான் குடிக்கலாம் என்பது பொதுவான கட்டுப்பாடு. அக்காவிடம் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. உட்புறத்தில் ஆணியால் கீறிய கோடு ஒன்று உண்டு. அந்தக் கோடு வரை நான்கு முறை, அதுதான் ஒரு நாள். காப்பியும் அதில்தான், மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில்தான், ரசம் ஊற்றினால் அதுவும் கணக்கு. அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் தம்பி இந்த எண்ணத்தை என்னிடம் சொன்னார்.

பணம்

நிதி திரட்டும் விஷயத்தில் இரண்டு முடிவுகளை முன்கூட்டியே எடுத்தோம். ஒன்று சட்டம் சார்ந்தது. மலேசியாவில் பொதுமக்களிடம் வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ்க் காவல்துறையின் அனுமதி வேண்டும். மையத்தின் பெயரில் விண்ணப்பித்து அதைப் பெற்றோம். ஒரு வெள்ளியும் தம்பியின் கணக்குக்கோ என் கணக்குக்கோ வரவில்லை. எல்லாம் நேரே மையத்தின் வங்கிக் கணக்குக்குப் போயின. மையத்துக்கு 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் இருந்ததால், கொடுத்தவர்களுக்கு வரிவிலக்கு ரசீதும் கிடைத்தது. நல்ல மனத்தோடு தொடங்கிய எத்தனையோ காரியங்கள் நம் மக்களிடையே கணக்கு வழக்கில்லாமல் சந்தேகத்தில் முடிந்திருக்கின்றன. ஆகவே இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இரண்டாவது முடிவுக்குத்தான் அதிக வாதம் நடந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களிப்பது பலருக்கும் பிடித்த முறை. கேட்கவும் உற்சாகமாக இருக்கும். நான் கூடாது என்றேன். பத்தாவது கிலோமீட்டரில் தலைசுற்றும் ஒருவர், இன்னும் ஆறு கிலோமீட்டர் போனால் எத்தனை பேருக்கு எத்தனை முறை சிகிச்சை என்று மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கினால் அவரைக் கரையேற்ற யாராலும் முடியாது. கொடுப்பவர் மொத்தமாக, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவர் ஒரு கிலோமீட்டர் நீந்தினாலும் சரி, நீந்தாமலே திரும்பினாலும் சரி, பணம் மையத்துக்கே. இதனால் சில பெரிய வாக்குறுதிகள் கைவிட்டுப் போயின. ஓர் அன்பர், "பந்தயமே இல்லாமல் எப்படி ஆர்வம் வரும்?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்: ஆர்வம் குறைந்தால் பணம் குறையும், அவ்வளவுதான்.

வழி

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர், கடலின் மேல் மட்டும் 16.9. எங்கள் நீச்சலின் நீளமும் அதே 16.9 ஆக அமைந்தது தற்செயல்தான். ஆனால் பதிவைப் பார்த்தபோது தம்பியின் மருமகன், அக்காவின் மகன், துள்ளிக் குதித்தான். இரண்டு பாலங்களுக்கும் இடையில், தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஜெரெஜாக் தீவு கிடக்கிறது. அதற்கும் கரைக்கும் இடையே உள்ள குறுகிய நீர்வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம். பெரிய கப்பல்களின் பாதை அங்கே இல்லை. ஜார்ஜ்டவுன் பக்கத்துப் படகுத்துறைகளும் பயணிகளை ஏற்றும் பெர்ரிப் படகுகளும் முதல் பாலத்துக்கு வடக்கே தங்கிவிடும். ஆனால் விசைப்படகுகள் உண்டு, மீன் வளர்க்கும் கூண்டுகள் உண்டு, வலைகள் உண்டு. துறைமுக அதிகாரிகளுக்கும் கடல்சார் அமலாக்கத்தினருக்கும் வழி, நேரம், படகின் எண் எல்லாவற்றையும் எழுத்தில் தெரிவித்திருந்தோம்.

வழியைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. தம்பியின் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். இங்கே வந்திறங்கிய நம்மவர்கள் பலரை நேரே ஊருக்குள் விடவில்லை, ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமில் தங்கவைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தீவில் தொழுநோயாளர் குடியிருப்பும் முகாமும் இருந்தன. பிறகு 1969 முதல் 1993 வரை அது சிறை. தாத்தா அங்கே இருந்த நாட்களில் எதிர்க்கரையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக வீட்டில் ஒரு கதை உண்டு. அந்த இடைவெளியில் நீந்திப் போக வேண்டும் என்று பேரன் ஆசைப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆசைக்கும் பாதுகாப்புக்கும் ஒரே வழி பொருந்தி வருவது அபூர்வம்.

நாள் பார்த்தது

கடல் நீச்சலுக்கு நாள் குறிப்பதும் ஒருவகையில் பஞ்சாங்க வேலைதான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமி கழிந்த ஓரிரு நாட்களில் இரண்டும் தணியும். மலாய் மீனவர்கள் இதை "ஆயர் மாத்தி", செத்த நீர், என்கிறார்கள். அந்த நாட்களில் கடல் சற்று மன்னிக்கும் மனநிலையில் இருக்கும். இதே காரணத்தால் ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். முதலில் குறித்தது ஜனவரியில். முந்தைய இரண்டு நாளும் விடாமல் மழை. வடிகால்களின் அழுக்கெல்லாம் கடலுக்கு வந்துவிட்டது. ஒத்திவைத்தோம். வாடகை வேனில் ஆட்களை ஏற்பாடு செய்திருந்தவர்களுக்கு வருத்தம். ஆனால் அந்த ஒத்திவைப்பு எங்கள் குழுவுக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது. வேண்டாம் என்று சொல்லியும் உலகம் அழிந்துவிடவில்லை என்பதைப் பார்த்துவிட்டோம்.

திட்டம் எளிமையானது. வடக்கு நோக்கிய ஓட்டத்தோடு பாலம் வரை போவது. அங்கே திரும்பும் நேரத்தில் ஓட்டமும் திரும்பும். அதோடு தெற்கே வருவது. அட்டவணையைப் பார்த்து நீர் திரும்பும் நேரம் காலை 7.42 என்று குறித்துக்கொண்டேன். இந்தக் குறிப்பில்தான் என் தவறு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சூடு

"தண்ணீருக்குள் இருப்பவனுக்குச் சூடு எப்படி ஏறும்?" இந்தக் கேள்வியைக் குறைந்தது இருபது பேராவது கேட்டிருப்பார்கள். நெடுநீச்சல் பற்றி நாம் படிப்பதெல்லாம் குளிர்க்கடல் கதைகள். 1875-இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததிலிருந்து இந்தக் கலையின் விதிகளும் பயங்களும் குளிரைச் சுற்றியே வளர்ந்தவை. நம் கடல் வேறு. அன்று விடியற்காலையில் நீரின் வெப்பம் 29.8 டிகிரி செல்சியஸ். காலை பத்து மணிக்கு 30.6.

நீந்தும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. தரையில் ஓடுபவருக்கு வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். நீருக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. உடலின் சூட்டைச் சுற்றியுள்ள நீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தோலின் வெப்பத்துக்கும் நீரின் வெப்பத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் நீரால் எவ்வளவு வாங்க முடியும்? மேலே வெயில். வியர்வை வழிவது தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் வரும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பியூஜைராவில் நடந்த பத்துக் கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் இறந்தார். வயது 26, உலகத்தரம் வாய்ந்தவர். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் வரவில்லை என்பதே தெரிந்தது. அந்த மரணத்துக்குப் பிறகே பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு திறந்தநீர்ப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்ற உச்சவரம்பை வைத்தது. எங்கள் வரம்பும் அதுவே.

அதனால் உணவுத் திட்டம் முழுவதும் சூட்டை எண்ணி அமைந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 230 மில்லிலிட்டர், ஐஸில் புதைத்து வைத்த பாட்டில்களில். உப்பிட்டு வடிகட்டிய அரிசிக் கஞ்சி, பார்லித் தண்ணீர், பாதியாகக் கலக்கிய ஹண்ட்ரட் பிளஸ் என்ற விளையாட்டு பானம், மாறி மாறி. வெறும் தண்ணீர் மட்டும் கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். கயிற்றில் கட்டிய பாட்டிலை வீசுவோம், அவர் மிதந்தபடி குடித்துவிட்டுக் கயிற்றை விடுவார். படகைத் தொடக்கூடாது. மூன்றாம் மணிநேரத்தில் ஒரு சின்ன வாழைப்பழம். உப்புநீரில் நாக்கு தடித்து, வாய்க்குள் தோல் உரியத் தொடங்கும் நேரம் அது. பழத்தின் வழவழப்பு ஒன்றே அப்போது விழுங்கக்கூடியது. அன்று அவர் குடித்த மொத்தம் 4.1 லிட்டர். அக்காவின் டம்ளர் கணக்கில் அது எத்தனை நாள் என்று மருமகன் பிறகு கணக்கிட்டான். ஆறு நாட்களுக்குச் சற்றுக் கூடுதல்.

தாள்

நம்மிடம் நெடுநீச்சல் வீரர்களின் பெருமைமிக்க மரபு உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையைப் போய்வர நீந்தி ஆழிக்குமரன் என்ற பெயரைப் பெற்றார். 1994-இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினான். 2003-இல் மலேசியரான அப்துல் மாலிக் மைதீன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இந்தப் பெயர்களைத் தம்பிக்குச் சிறுவயதிலேயே சொல்லி வளர்த்தவன் நான். அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும், அதைத் தாமதமாகத்தான் சொன்னேன். ஆழிக்குமரன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாய் முயற்சியின்போது உயிர்நீத்தார். இந்தத் துறையில் மன உறுதி என்று நாம் கொண்டாடும் அதே குணம் ஒருவரைக் கரைக்கு வரவிடாமலும் செய்யும். சூடு ஏறிய மூளை தன்னிடம் கோளாறு இருப்பதையே அறியாது. "நன்றாக இருக்கிறேன்" என்று அது மனமாரச் சொல்லும்.

ஆகவே நீச்சலுக்கு ஒரு வாரம் முன்பு, அக்கா வீட்டுச் சமையலறையில், ஒரு தாள் எழுதினோம். கைவீச்சு எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வாய்ப்பாடு தவறினால், வாந்தி வந்தால், இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் உடனே நிறுத்திக் குளிர்விப்பது. குளிர்வித்த பிறகும் சரியாகாவிட்டால் படகில் ஏற்றிவிடுவது. மின்னல் தெரிந்தாலோ நீர் 31 டிகிரியைத் தாண்டினாலோ பேச்சுக்கே இடமில்லை. முடிவு மிஸ்ஸியுடையது. நானும் மறுக்க முடியாது, படகோட்டியும் மறுக்க முடியாது. தம்பி கையெழுத்திட்டார். சாட்சியாக அக்காவைப் போடச் சொன்னது மிஸ்ஸிதான். டயாலிசிஸ் மையத்தில் பதினைந்து ஆண்டு வேலை செய்தவர் அவர். நோயாளிகளின் வீட்டார் எப்போது யார் பேச்சைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அக்காவின் கை நடுங்கும். கையெழுத்து கோணலாக, தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனது. தாளைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் படகில் வைத்தோம்.

அன்றைய பதிவு

தொடக்கம் 5.30. இருட்டு. தேய்பிறை நிலா மேலே நின்றது. தொப்பியிலும் இடுப்பிலும் ஒளிக்குச்சிகள், பின்னால் இழுபடும் ஆரஞ்சு மிதவை. உடல் முழுவதும் மூடும் மெல்லிய நீச்சல் உடை அணிந்திருந்தார். பழைய மரபு விதிகளின்படி அதற்கு இடமில்லை. எங்களுக்குச் சாதனைச் சான்றிதழ் தேவையில்லை, ஜெல்லிமீனிடமிருந்து காப்புத் தேவை. எனவே தயங்கவில்லை. முன்னால் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மருமகன். பின்னால் பாக் லாங் என்று ஊரார் அழைக்கும் மலாய் மீனவரின் பைபர் படகு. அதில் மிஸ்ஸியும் நானும்.

முதல் இரண்டு மணிநேரம் பற்றி எழுத அதிகமில்லை. நிமிடத்துக்கு 60, 61 கைவீச்சு. ஜெரெஜாக் கறுப்பாக வலப்பக்கம் நகர்ந்து போனது. ஒரு முறை அவர் நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கித் தீவைப் பார்த்தார். மருமகன் கேட்டான், "என்ன மாமா?" பதில் சொல்லவில்லை, மீண்டும் தலையைத் தாழ்த்தி நீந்தத் தொடங்கினார். 7.50-க்குப் பாலத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னால் திரும்பினோம். தூண்களைச் சுற்றி நீர் சுழலும் என்பதால் அதற்குமேல் போவதாகத் திட்டமில்லை. இரண்டு மணி இருபது நிமிடத்தில் பாதி வழி. நான் மகிழ்ந்துபோனேன்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது. கரையோரம் மீனவர்கள் நட்டிருந்த மூங்கில் கம்பங்கள் வரிசையாக இருந்தன. முதல் கம்பம் என் தோளுக்கு நேரே வந்தது. கைவீச்சுகளை எண்ணினேன். அதே 60. நீர் அவர் முழங்கைகளைச் சுற்றி நுரைத்தது. ஆனால் கம்பம் என் தோளை விட்டு நகரவில்லை. அதன் வரிவரியான சிப்பிகளையும், நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழிந்த நீலக் கயிற்றையும் என்னால் எண்ணிப் பார்க்க முடிந்தது. அடுத்த கம்பம் வர ஆறு நிமிடம் ஆயிற்று. பாக் லாங் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றியபடி, "ஆயர் பெலும் பாலேக்" என்றார். நீர் இன்னும் திரும்பவில்லை.

அட்டவணை சொல்வது நீரின் உயரத்தை. உயரம் உச்சத்தையோ அடியையோ தொடும் நேரமும் ஓட்டம் திசைமாறும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குறுகிய நீரிணைகளில் இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருக்கலாம். இது மாலுமிகளின் அரிச்சுவடி. எனக்கும் தெரியும். தெரிந்தும், 7.42 என்ற எண்ணைப் பார்த்ததும் அதையே ஓட்டத்தின் நேரமாக எடுத்துக்கொண்டேன். அந்த வழியில் நாற்பது ஆண்டு மீன்பிடித்த மனிதர் எங்கள் படகை ஓட்டுகிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 8.35 வரை ஓட்டம் எதிரே வந்தது. முக்கால் மணிநேரத்தில் நகர்ந்தது 1.4 கிலோமீட்டர். அந்த இழப்பு தூரத்தைவிட வெயிலில்தான் உறைத்தது. 10.45-க்கு முடிந்திருக்க வேண்டியது நண்பகலை நோக்கி நீண்டது.

9.24-க்குக் கழுத்திலும் தாடையிலும் ஜெல்லிமீன். உடை மூடாத இடம் அதுதான். கத்தவில்லை, மூச்சை இழுத்து நிறுத்தினார். மருமகன் வினிகரில் நனைத்த துணியை நீட்டினான். கண்ணில் படாமல் அரை நிமிடத்துக்கு மேல் அழுத்தி வைத்தார். தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டு உறுப்புகளும் வெடிக்கும். பெட்டி ஜெல்லிமீன் என்ற வகை நம் கடலிலும் உண்டு, உயிருக்கே ஆபத்து. அதனால் மிஸ்ஸி அரைமணிநேரம் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் மூச்சுத்திணறல், முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலி தணிந்தது, வேறு அறிகுறி வரவில்லை. தொடர அனுமதித்தார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு ஒரு மருத்துவ நண்பர் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொட்டியது எது என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த முறை கழுத்து வரை மூடும் உடையும், பார்க்காத கொட்டுக்கு ஏற்றிவிடும் விதியும் இருக்கும்.

10.00-க்குக் கைவீச்சு 53. 10.10-க்கு 47. ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது 48. பாட்டிலை வீசியபோது கயிற்றைப் பிடிக்க இரண்டு முறை கை நீட்டினார், இரண்டு முறையும் தவறியது. பிறகு வாய்ப்பாடு, ஐம்பத்துநான்கு.

"நிறுத்து தம்பி," என்றார் மிஸ்ஸி.

"இன்னும் மூன்று கிலோமீட்டர்தான் மிஸ்ஸி. நன்றாக இருக்கிறேன்."

அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது. முகம் செங்கல் நிறம். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமா என்று கேட்கப் போனேன். முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவன், விதியை எழுதியவன், கரையில் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்து அப்படிக் கேட்கப் போனேன். மிஸ்ஸி என் பக்கம் திரும்பவே இல்லை. உறையிட்ட தாளை எடுத்துப் படகின் விளிம்பில், அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். எழுத்துகளை அவரால் படிக்க முடிந்திருக்காது. கோணலாக ஓரம் வரை ஓடும் அந்தக் கையெழுத்து தெரிந்திருக்கும். தம்பி அதைச் சற்றுநேரம் பார்த்தார். வலக்கையை நீருக்கு மேலே உயர்த்தினார். அது நாங்கள் பேசி வைத்திருந்த சம்மதக் குறி.

எட்டு நிமிடம். நொறுக்கிய ஐஸ் கலந்த பார்லித் தண்ணீர், மெல்ல மெல்ல. ஐஸ் சுற்றிய துண்டு தலையிலும் கழுத்திலும். மருமகன் கயாக்கை வெயிலுக்குக் குறுக்கே நிறுத்தித் துடுப்பில் துண்டைக் கட்டி நிழல் பிடித்தான். யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு மிஸ்ஸி எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டார். எண்பதிலிருந்து எட்டு வரை தடுமாறாமல் வந்தது. நூறு கைவீச்சு நீந்தச் சொல்லி எண்ணினோம், நிமிடத்துக்கு 54. "போகலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பாய், மெதுவாகப் போவாய்," என்றார். அதன்பின் ஓட்டம் எங்களோடு இருந்தது. தெற்கே மேகமும் கட்டியது. ஏற்றிவிட்டிருந்தால் இந்த ஆய்வின் கடைசிப் பக்கம் வேறாக இருந்திருக்கும், மையத்துக்குப் போன தொகை மட்டும் மாறியிருக்காது.

11.38-க்குப் பத்து மாவுங் கரையின் சேற்றில் காலூன்றினார். இரண்டடி வைத்ததும் முழங்கால் மடங்கியது. கிடைமட்டமாக ஆறு மணிநேரம் இருந்த உடல் திடீரென நிமிர்ந்தால் இரத்த அழுத்தம் விழும் என்பதால் இருவர் தோள்கொடுத்து உட்காரவைத்தோம். உடல் வெப்பம் 38.4. அரைமணிநேரத்தில் 37.6. அன்று ஞாயிறு, அக்காவுக்குச் சிகிச்சை இல்லாத நாள். நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தவர், தம்பியின் கழுத்தில் இருந்த சிவப்புக் கோடுகளைத் தொடாமல் பார்த்தார். "போதும்டா," என்றார். பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தம்பிக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தார், கீறலைத் தாண்டி, விளிம்பு வரை.

திரண்ட தொகையை மையம் தன் அறிக்கையில் வெளியிட்டுவிட்டது. இங்கே திரும்பச் சொல்லவில்லை. நீச்சலுக்கான செலவுகளை, படகின் எண்ணெயும் பாக் லாங்கின் கூலியும் உட்பட, நானும் தம்பியும் பகிர்ந்துகொண்டோம். நன்கொடையிலிருந்து எதுவும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வளர்பிறை தசமியன்று, பாக் லாங்கோடு அதே இடத்துக்குப் போனேன். ஆறு தேங்காய்கள் கொண்டுபோனோம். பாலத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னால், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக நீரில் விட்டு, மூங்கில் கம்பங்களை அடையாளம் வைத்து அவை போகும் திசையைக் குறித்தோம். முதல் மூன்றும் வடக்கே போயின. நான்காவது அப்படியே நின்று, தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தெற்கே நகரத் தொடங்கியபோது, அட்டவணை சொன்ன நேரத்துக்கு மேல் 51 நிமிடம் ஆகியிருந்தது. அதை நோட்டுப்புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் பாக் லாங்கின் பெயரையும் எழுதிவைத்தேன்.